ஒரு ஆள் கூடுதல்

வேன் கதவருகில் நின்று எண்ணிப் பார்த்த வழிகாட்டிக்குத் தலை சுற்றியது. முதல் அருவியில் இறங்கியவர்களைவிட ஒரு ஆள் அதிகமாக ஏறியிருந்தார்.

ஆள் குறைந்தால் தேடலாம். கூடினால் என்ன செய்வது? இத்தனை வருஷம் இந்த மலைப்பாதையில் வண்டி ஓட்டியும் இப்படி ஒரு கூத்து நடந்ததில்லை. மறுபடி எண்ணினார். அப்போதும் அதே கதைதான்.

ஜன்னலோரம் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு சின்னப் பையனின் ஈரச் சட்டை. காலையில் இந்த முகத்தைப் பார்த்த ஞாபகமே இல்லை.

"அம்மா, நீங்க யார் கூட வந்தீங்க?"

அவர் வாயைத் திறப்பதற்குள் முன்சீட்டுப் புதுப்பெண் முந்திக்கொண்டாள்.

"எங்க அத்தைதாண்ணே! வண்டியை எடுங்க."

பக்கத்தில் அவள் புருஷன் திருதிருவென்று விழித்தான்.

தேனிலவுக்கு அத்தையையுமா கூட்டி வருவார்கள்? வழிகாட்டி குழம்பிக்கொண்டே வண்டியை எடுத்தார்.

அடுத்த வளைவில் அருவியைக் காட்ட நிறுத்தினார். "இடது பக்கம் தெரியுறதுதான் ரெண்டாவது அருவி" என்று சொல்லி வலது பக்கம் கையைக் காட்டினார். மனசு அருவியில் இல்லை. பின்சீட்டுக்காரரின் கைக்குழந்தை அந்த அம்மாவின் மடியில் சொகுசாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

"சார், அவங்க யாரு?"

"எங்க அக்கா" என்றார் குழந்தையின் அப்பா.

"முன்சீட்டுல அத்தைன்னாங்களே?"

"அவங்களுக்கு அத்தை. எங்களுக்கு அக்கா. அதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?"

"அப்போ ரெண்டு குடும்பமும் சொந்தமா?"

"ஆமா" என்றார் அவர். "இல்லையே" என்றாள் அவர் மனைவி, அதே நேரத்தில்.

வழிகாட்டிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யாரோ ஒரு அம்மா ஓசியில் ஊர் சுற்றுகிறார், வண்டி மொத்தமும் சேர்ந்து தன் காதில் பூ சுற்றுகிறது!

"செக்போஸ்ட்ல பேர் கொடுக்காத ஆளை ஏத்தினா என் லைசென்ஸ் போயிடும். உண்மையைச் சொல்லுங்க. இல்லைன்னா அவங்களை இங்கேயே இறக்கிவிட்டுடுவேன்!"

"நடுமலையிலயா? நீங்கல்லாம் மனுஷன்தானா?" என்று எகிறினார் குழந்தையின் அப்பா.

அந்த அம்மா குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு எழுந்தார்.

"என்னால உங்களுக்குள்ள சண்டை வேண்டாம் தம்பி. எனக்குக் கூடப் பிறந்தவங்க ரெண்டு தம்பிங்க. ஆளுக்கொரு வேன்ல குடும்பத்தோட வந்தோம். பெரியவனோட பேரன் சட்டையில வாந்தி எடுத்துட்டான். அலசிட்டு வந்து பாத்தா ரெண்டு வேனையும் காணோம். என் பை, போன் எல்லாம் அதுலதான். யார் நம்பரும் மனப்பாடமாத் தெரியாது."

"விட்டுட்டா போயிட்டாங்க?"

"அவங்க மேல தப்பில்ல. நான் சின்னவன் வண்டியில இருக்கேன்னு பெரியவன் நினைச்சிருப்பான். பெரியவன் வண்டியில இருக்கேன்னு சின்னவன் நினைச்சிருப்பான். எனக்குக் கல்யாணம் காட்சின்னு எதுவும் ஆகலை. எனக்குன்னு தனியா ஒரு வண்டி இல்லையில்ல?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

"அருவிகிட்ட தனியா நின்னாங்கண்ணே. வெளியாளை ஏத்த மாட்டேன்னு காலையிலேயே கறாரா சொன்னீங்க. அதான் அத்தைன்னு..." புதுப்பெண் இழுத்தாள்.

வழிகாட்டி கீழே இறங்கினார். இந்தப் பாதையில் ஓடும் டிரைவர்கள் எல்லாரும் அவருக்குப் பழக்கம். ரெண்டு வேனில் ஒரே குடும்பத்தை ஏற்றி வந்த டிரைவர்களில் ஒருவனுக்குப் போன் போட்டார்.

"அந்த ரெண்டு வேன் பார்ட்டி எங்கடா?"

"கடைசி வியூ பாயிண்ட்லண்ணே. எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டு முடிச்சாச்சு. கிளம்பப் போறோம்."

"ரெண்டு வண்டி ஆளுங்களுமா?"

"ஆமாண்ணே. ஏன்?"

"யாராவது குறையுறாங்களான்னு கேளு."

அவன் கேட்பது போனில் காதில் விழுந்தது. "எல்லாரும் இருக்கோம்ப்பா, வண்டியை எடு!" என்று ஒரு குரல் சிரித்தது.

வழிகாட்டி போனைக் காதில் வைத்தபடியே திரும்பினார். ஜன்னல் வழியாக அந்த அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, என்னைத் தேடுறாங்களா?"

"தேடாம இருப்பாங்களாம்மா? ஆளுக்கொரு பக்கம் அலையுறாங்களாம்!"

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "நான்தான் சொன்னேன்ல" என்று புதுப்பெண்ணிடம் பெருமையாகச் சொல்லப் போனார்.

வழிகாட்டி நாலடி தள்ளிப் போய், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு போனில் சொன்னார்:

"டேய், அவங்க அக்கா என் வண்டியில இருக்காங்க. நான் மெதுவாத்தான் வருவேன். நான் வந்து சேர்றப்போ அந்த வீட்டு ஆளுங்க ஒருத்தர் பாக்கியில்லாம ரோட்டுல நின்னு அவங்களைத் தேடிக்கிட்டு இருக்கணும்."