மூன்றாவது அழைப்பு

அங்கயற்கண்ணி பழைய மாவட்ட நீதிமன்றத்தின் கருங்கல் படிகளில் ஏறிக்கொண்டிருந்தபோது, டவாலி இருதயராஜ் அவள் பெயரை மூன்றாவது முறையாக அழைத்தார். அவள் ஓடினாள். உள்ளே அவளுடைய குரல் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தது.

மூன்று முறை அழைத்தும் வராதவருக்காக அவருடைய கணினிப் பிரதி ஆஜராகும் என்பது விதி. அவர் அனுப்பிய பழைய குறுஞ்செய்திகளைப் படித்து, அவரைப் போலவே அது பதிலளிக்கும்.

"கணவருடன் வாழச் சம்மதமா?" என்று நீதிபதி கேட்டார்.

"சரிங்க. உங்க இஷ்டம்," என்றது பிரதி.

அவளுடைய விவாகரத்து மனு தள்ளுபடியானது.

"ஐயோ, அது நான் இல்லீங்க! நான் இங்க நிக்கிறேன்!"

"பிரதி ஆஜரானா ஆஜரானதுதாம்மா," என்றார் இருதயராஜ் தணிந்த குரலில். "பதினோரு வருஷமா நீங்க அனுப்பினதைத்தான் படிச்சிருக்கு."

"யார் குடுத்தா?"

"உங்க வீட்டுக்காரர்தான். ஒண்ணுகூட அழிக்காம வச்சிருந்தாராம்."

"அதெல்லாம் அடி வாங்கின அப்புறம் எழுதினதுங்க."

கணவன் எழுந்து அருகில் வந்தான்.

"போலாமா, கண்ணி?"

அவள் வாய் திறப்பதற்குள் பிரதி, "சரிங்க," என்றது. நீதிமன்றம் அதையும் பதிவு செய்துகொண்டது.