வெண்கலம் பேசுறேன்

பல் டாக்டர் கிளினிக்கின் போன் அடித்தது. அங்கே வேலை பார்க்கும் அவள் ஒரு நோயாளிக்கு மாத்திரைக் கவரை நீட்டியபடியே எடுத்து, "சொல்லுங்க" என்றாள்.

"என்ன, சாப்டாச்சா?" என்றது அப்பாவின் குரல்.

"இன்னும் இல்லப்பா." வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. அப்பா போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது.

"நான்தான் வெண்கலம் பேசுறேன்." அவள் பதிலைக் காதில் வாங்காமல் குரல் அது பாட்டுக்குப் போனது. "இந்தத் தடவை நம்ம ஆளுங்களுக்கு ஓட்டுப் போடாதீங்க. அடுத்த கட்சிக்குப் போடுங்க. எனக்கு நெஞ்சு வலி வந்தப்போ அரசாங்க ஆஸ்பத்திரியில டாக்டர் இல்ல. வராண்டாவுல ஒரு ஸ்டூல்ல உக்கார வெச்சாங்க. தண்ணி கேட்டேன். குழாயில தண்ணி வரலை."

போன் நின்றுவிட்டது. ரிசீவரை வைத்தாள்.

ஆயுசு முழுக்க ஒரே கட்சிக்கு ஜீப்பில் மைக் பிடித்தவர் அப்பா. அந்த வெண்கலக் குரலே அவருக்குப் பேராகிவிட்டது. அந்தக் கட்சிதான் இப்போது ஆட்சியில் இருக்கிறது. அப்பாவின் கடைசி நாளில் செய்தி கேட்டு அவள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கூட இருந்தது அம்மா மட்டும்தான்.

இந்தத் தேர்தலில்தான் அவளுக்கு முதல் ஓட்டு. வேலை முடிந்ததும் அப்பாவின் கட்சிக்காக வீடு வீடாக நோட்டீஸ் கொடுக்கப் போகிறாள். ஏன் அந்தக் கட்சி என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அப்பாவின் கட்சி, அவ்வளவுதான்.

"எனக்கும் காலையில வந்துச்சும்மா," என்றார் பல் டாக்டர், கையுறையைக் கழற்றிக்கொண்டே. "இப்பல்லாம் நாலு வாய்ஸ் மெசேஜ் கெடைச்சாப் போதும். கம்ப்யூட்டர் அந்த ஆளையே பேச வெச்சிடுது."

அது அவளுக்கும் தெரியும். ஆனால் இது மைக் பிடித்துக் கத்தும் குரல் இல்லை. சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பேசும் குரல்.

சாயங்காலம் நோட்டீஸோடு தெருவில் இறங்கினாள். அவள் அழைப்பு மணியை அழுத்துவதற்கு முன்பே அப்பா முதல் வீட்டுக்குள் பேசிக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டு ஜன்னலிலும் அவரேதான். "சாப்டாச்சா?"

"உங்கப்பாவே வேணாங்கிறாரு, நீ வந்து போடுங்கிறே!" என்று ஒருவர் கதவைச் சாத்தினார். இன்னொரு வீட்டு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம்மா, சாகப்போற மனுஷனுக்குத் தண்ணிகூட இல்லியா?" என்றாள்.

நோட்டீஸை மடித்துக்கொண்டு படியிறங்கினாள். அந்த ஆஸ்பத்திரியில் அப்பாவை ஒழுங்காகப் பார்த்தார்களா என்று அவளுக்குள்ளும் ஒரு கேள்வி இருந்தது. வெளியே விடாமல் விழுங்கி வைத்திருந்தாள். அதையே அப்பா வாசலுக்கு வாசல் கேட்கிறார்.

நேராகச் சித்தப்பாவின் தையல் கடைக்குப் போனாள். அவர் அடுத்த கட்சிக்காரர். அவர் கட்சி மாறிய நாளிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தையே கிடையாது.

"செத்தவரையும் விட்டு வைக்க மாட்டீங்களா சித்தப்பா? அப்பா குரலை உங்க ஆளுங்களுக்கு ஏன் குடுத்தீங்க?"

தையல் மிஷின் நின்றது. "எங்கிட்ட ஏதும்மா அண்ணன் குரல்? எத்தனை தடவை போன் பண்ணியிருப்பேன்! ஒரு தடவை எடுத்தாரா? இன்னிக்குத்தான் சாப்டாச்சான்னு கேட்டாரு." சித்தப்பா கண்ணாடியைக் கழற்றினார். "அது எங்கிட்ட இருந்திருந்தா நான் தனியா உக்காந்து கேட்டிருப்பேனே. ஊருக்கா குடுப்பேன்?"

மேற்கொண்டு சண்டை போட அவளால் முடியவில்லை. வீட்டுக்கு நடந்தாள்.

செருப்பைக் கழற்றும்போதே சமையலறையிலிருந்து அப்பா பேசுவது கேட்டது. அம்மா போனை அலமாரியில் சாய்த்து வைத்து, வெங்காயம் நறுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் பதற்றம் எதுவும் இல்லை.

"ஐயோ, நிறுத்தும்மா! அப்பா மாதிரி பேசி ஊரை ஏமாத்தறாங்க. நீயும் கேட்டுட்டு நிக்கறியே?"

"தெளிவாத்தானே இருக்கு? இரைச்சல் ஒண்ணும் இல்லியே?" என்றாள் அம்மா.

"தெளிவா இருந்தா ஆச்சா? நம்ம ஆட்சியைப் பத்தி அப்பா ஒரு நாளாவது குறை சொல்லியிருக்காரா? ஸ்டூலாம், தண்ணி கேட்டாராம். எல்லாம் கட்டுக்கதை!"

"கதை இல்ல. தண்ணி கேட்டாரு."

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை அணைத்தாள். வீடு சட்டென்று காலியானது போல் இருந்தது.

"உயிர் போற வலியிலகூட, 'நம்ம ஆட்சிடி, வெளியில குறை சொல்லிடாதே'ன்னு என் வாயைப் பொத்தினாரு. அந்தக் கை சில்லுன்னு ஆகற வரைக்கும் எடுக்கல." அம்மா மறுபடி கத்தியை எடுத்தாள்.

"அதான், எனக்கு அனுப்பின வாய்ஸ் மெசேஜையெல்லாம் அடுத்த கட்சிக்காரங்ககிட்ட குடுத்து, அவர் வாயாலயே சொல்ல வெச்சேன்."