கோழிக் கொட்டகைக்கு ஒரு பல்பு

“கோழி என்ன மிஷினா சார், சுவிச்சைப் போட்டதும் முட்டை போட?”

பெரியண்ணன் கேட்ட கேள்வியில் கோழி வளர்ப்பு ஆபீசர் ஆத்மநாதனுக்கு முகம் சுண்டிப் போயிற்று.

ஆலங்குடிப் பக்கம் கரண்டு வந்த புதுசு. பெரியண்ணனுக்கு முந்திரித் தோப்பு, கொட்டை உடைக்கும் கொட்டகை, அதை ஒட்டினாற்போல் இருநூறு வெள்ளைக் கோழிகள்.

“பொழுது சாஞ்ச பிறகும் பல்பு எரிஞ்சா, இன்னும் பகல்தான்னு கோழி நெனச்சுக்கும்ங்க. தூங்காது. முட்டை கூடும். மேல்நாட்டுல எல்லாம் இப்படித்தான்.” கையோடு கொண்டுவந்த நூறு வாட் பல்பை நீட்டினார் ஆத்மநாதன்.

“சாமி குடுத்த தூக்கத்தைத் திருடி முட்டை விக்கச் சொல்றீங்க. பாவமில்லையா?”

கொட்டை உடைத்துக்கொண்டிருந்த பெண்களின் காதிலும் இது விழுந்தது.

“நம்ம மொதலாளிக்கு எம்புட்டு எளகுன மனசு பாத்தியாடி!” என்றாள் செவந்தி. கைக்குழந்தைக்காரி. பொழுது சாய்ந்ததும் முதல் ஆளாக வீட்டுக்கு ஓடுகிறவள்.

“சரி, பல்பை வச்சுட்டுப் போங்க. யோசிக்கிறேன்” என்றார் பெரியண்ணன்.

படித்த படிப்பில் இரக்கம் என்று ஒரு பாடம் இல்லாமல் போயிற்றே என்று, வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்தார் ஆபீசர்.

பத்து நாள் பொறுத்து, மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றுதான் மறுபடி போனார். மணி ஏழரை. கோழிகள் இருட்டில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தன. அவருக்கு மனசு நிறைந்துவிட்டது.

கொட்டை உடைக்கும் கொட்டகையில் மட்டும் பளீரென்று வெளிச்சம். உள்ளே பன்னிரண்டு பெண்கள் குனிந்த தலை நிமிராமல் உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

“நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சார்!” பெரியண்ணன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். “பொழுது போனதே இவங்களுக்குத் தெரியல. தெனம் ரெண்டு மூட்டை கூடுதலா ஒடையுது!”

அதற்குள் செவந்தி எழுந்து வந்தாள். ரவிக்கை பாலில் நனைந்திருந்தது.

“பிள்ளை பசியில கத்திக்கிட்டுக் கெடக்கும்ங்க. எனக்கு மாரு கட்டி உசுரு போகுது. இன்னைக்காச்சும் விடுங்க, நான் போறேன்!” குரல் உடைந்து கத்தியேவிட்டாள்.

பெரியண்ணன் பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தார்.

“மெதுவாப் பேசு புள்ள. கோழி முழிச்சுக்கிரும்.”