அறுபத்து மூன்றாவது கிலோமீட்டர்

"தரையைப் பாக்காதீங்க! பத்தடி தள்ளிப் பாருங்க. கண்ணு போற பக்கம்தான் சைக்கிளும் போகும்!"

பஸ் டிப்போவுக்குப் பின்னாலிருந்த கல்மேட்டில் கோச்சின் குரல் எதிரொலித்தது. வாரம் ஆறு நாள் பஸ் ஓட்டும் பெண்மணி அவர். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கோச்.

'மலை சைக்கிள் பந்தயத்துக்குப் புதியவர்கள் வரலாம், பயிற்சி இலவசம்' என்று சைக்கிள் கடையில் அவர் ஒட்டிய காகிதத்தைப் பார்த்துப் பதினொரு பேர் வந்தார்கள். முதல் ஏற்றத்திலேயே நாலு பேர் காணாமல் போனார்கள். ஐந்து மாதம் கழித்து மிஞ்சியவர்கள் மூன்றே பேர். ஒரு பல் டாக்டர், ஒரு நூலகர், தையலக்கா.

இருபத்திரண்டு வருஷமாகத் தையல் மிஷினே கதியென்று இருந்த தையலக்காதான் எப்போதும் கடைசி. "மாடி ஏறவே மூச்சு வாங்குது, இதுல மலை வேறயா?" என்று வீட்டில் எல்லோரும் சிரித்த சிரிப்புதான் அவரை இதுவரை நிற்கவிடாமல் மிதிக்க வைத்தது.

"எழுபத்திரண்டு கிலோமீட்டர். எட்டு மணி நேரம். ஒரு நிமிஷம் தாண்டினாலும் பதக்கம் கிடையாது. நல்லாக் கேட்டுக்குங்க" என்று மண்ணில் குச்சியால் கோடு போட்டார் கோச். "பதினாலாவது கிலோமீட்டர்ல சரளை இறக்கம். பயத்துல முன் பிரேக்கை மட்டும் பிடிச்சீங்க, குட்டிக்கரணம்தான். உடம்பைப் பின்னால தள்ளிக்குங்க. முப்பத்தொண்ணுக்கு முன்னாடியே ரெண்டு தடவை சாப்பிட்டிருக்கணும். பசிச்சப்புறம் சாப்பிட்டா கண்ணு இருட்டும். நாப்பத்தேழுல ஓடை. கியரை முன்னாடியே குறைச்சிடணும், தண்ணிக்குள்ள மாத்தினா சங்கிலி அறுந்துடும்."

நூலகர் வேக வேகமாக எழுதிக்கொண்டார்.

"அறுபத்து மூணுல, வளைவுல ஒரு தட்டைப் பாறை இருக்கும். நல்ல நிழல். 'வா, ரெண்டே நிமிஷம் உக்காரு'ன்னு கூப்பிடுற மாதிரியே இருக்கும். உக்காந்தீங்க, அவ்வளவுதான்."

"அப்புறம் ஒன்பது கிலோமீட்டர் இருக்கே, கோச்?" என்றார் டாக்டர்.

"அதை அங்க போய்ப் பாத்துக்கலாம்."

"எவ்வளவு துல்லியமா சொல்றாங்க பாருங்க! கோச், நீங்க எத்தனை தடவை போயிருக்கீங்க?" என்று கேட்டார் நூலகர்.

"நாலு தடவை" என்று சொல்லிவிட்டு டயரில் காற்றை அழுத்திப் பார்க்கக் குனிந்தார் கோச்.

நாலு தடவை! மூன்று பேரும் அவரை வியந்து பார்த்தார்கள்.

பந்தய நாள். காலை ஆறு மணிக்கு ஊதல் ஒலித்தது. கோச்சும் எண் அட்டை கட்டிக்கொண்டு அவர்களுக்குப் பின்னாலேயே வந்தார். சரளை இறக்கத்தில் இரண்டு பேர் கண்ணெதிரே உருண்டார்கள். இவர்கள் நால்வரும் ஒரு கீறல் இல்லாமல் இறங்கினார்கள். ஓடையைத் தாண்டும்போது பக்கத்தில் யாருடைய சங்கிலியோ 'டப்'பென்று அறுந்தது. "கோச் சொன்னது அப்படியே நடக்குது!" என்று கத்தினார் டாக்டர்.

டாக்டரும் நூலகரும் மெல்ல முன்னேறிப் போய்விட்டார்கள். கோச் மட்டும் தையலக்காவை விட்டு நகரவில்லை.

அறுபத்து மூன்றாவது கிலோமீட்டரில், சொன்னபடியே அந்தப் பாறை வந்தது. தையலக்கா சைக்கிளை விட்டு இறங்கிவிட்டார். தொடை இரண்டும் கல்லாய் இறுகிக் கிடந்தன.

"முடியல கோச். நீங்க போங்க. நீங்க நெனச்சிருந்தா இந்நேரம் பரிசே வாங்கியிருக்கலாம். என்னால உங்க மானமும் போகுது."

"அக்கா, உக்காராதீங்க!"

"ரெண்டே நிமிஷம்..."

"ரெண்டு நிமிஷம் இல்ல, ஒரு வருஷம்!" கோச்சின் குரல் உடைந்து வந்தது. "வண்டியைப் பிடிங்க. ஓட்ட வேணாம், தள்ளிக்கிட்டு நடங்க. நடங்கக்கா! பின்னாலேயே நான் வரேன்ல?"

அந்தக் குரலைக் கேட்டுத் தையலக்காவின் கால்கள் தாமாக நகர்ந்தன. பாறை பின்னால் போனது. இருநூறு அடி நடந்ததும் மறுபடி ஏறி மிதித்தார்.

ஏற்றம் முடிந்ததும் காட்டுக்கு அப்பால் ஊர் முழுக்க வெயிலில் விரிந்து கிடந்தது. அன்றைக்கு முதல்முறையாகக் கோச் எந்த யோசனையும் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஒன்பது நிமிஷம் மிச்சமிருக்கையில் இருவரும் ஒன்றாகக் கோட்டைத் தாண்டினார்கள். முன்பே வந்து சேர்ந்திருந்த டாக்டரும் நூலகரும் ஓடி வந்து தையலக்காவைத் தூக்காத குறைதான். வேலிக்கு அந்தப் பக்கம் அவர் வீட்டுக்காரர், "எம் பொண்டாட்டிங்க! எம் பொண்டாட்டி!" என்று முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கழுத்தில் விழுந்த பதக்கத்தைக் கோச் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"என்ன கோச், புதுசா பாக்குற மாதிரி பாக்குறீங்க? வீட்டுல தொங்குற நாலோட இதையும் மாட்டிடுங்க" என்றார் தையலக்கா.

கோச் நிமிர்ந்து மூன்று பேரையும் பார்த்துச் சிரித்தார்.

"மொத வருஷம் பதினாலுல விழுந்து தோள் எலும்பு முறிஞ்சுது. அடுத்த வருஷம் முப்பத்தொண்ணுல மயக்கம். அதுக்கடுத்து நாப்பத்தேழுல சங்கிலி. போன வருஷம் அந்தப் பாறையில உக்காந்தவதான், எழுந்திருக்கவே இல்ல. உங்களை உக்கார விடாம நடக்க வெச்சதுலதான் இன்னைக்கு நானும் அதைத் தாண்டினேன், அக்கா. எங்க வீட்டுல இனிமேதான் ஆணியே அடிக்கணும்!"