ஒழுகாத வரப்பு

வாய்க்கால் மதகுகளைத் திறப்பதும் மூடுவதும் இப்போது கணினிதான். யார் வயலுக்கு எவ்வளவு தண்ணீர் போதும் என்று அதுவே கணக்குப் போட்டுவிடும்.

யாழரசி எலி வளைகளையெல்லாம் அடைத்து, சொட்டு ஒழுகாமல் வரப்பைக் காத்தவள். இவளுக்குக் கொஞ்சம் போதுமென்று கணினி தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வந்ததில், பயிர் கருகத் தொடங்கியது. பக்கத்து வயல் கவினுக்கோ தண்ணீர் ததும்பியது.

“உனக்கு மட்டும் எப்படிடா?” என்று வயிறெரிந்து கேட்டாள்.

“எலி வளைய நான் அடைக்கறதே இல்லக்கா. ஒழுக ஒழுக, இவனுக்குப் பத்தலன்னு அது கூடக் குடுக்குது.”

யாழரசி மண்வெட்டியை எடுத்துத் தன் வரப்பைத் தானே வெட்டினாள்.

மறுநாள் மதகு தாராளமாகத் திறந்தது. வந்த தண்ணீரெல்லாம் பயிர்ப்பக்கம் திரும்பாமல், அவள் வெட்டிய உடைப்பு வழியாகக் கவின் வயலுக்கே போய்ச் சேர்ந்தது.