நூற்றியோராவது மூட்டை

காட்டை வெட்டிய நிலத்தில் விளைந்த கோகோ கப்பலேறக் கூடாது என்று புதுச் சட்டம் வந்திருந்தது. அதனால் துறைமுக வாசலில் நின்ற கொக்கு அதிகாரி, ஒவ்வொரு மூட்டையும் எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்று எழுதிக்கொண்டுதான் உள்ளே விடுவார்.

அணில் தன் பன்னிரண்டு மரங்களில் விளைந்த ஒரே மூட்டையை உருட்டிக்கொண்டு வந்தது.

"ஆற்றோரத்து அணில் தோட்டம், ஐயா."

கொக்கு நோட்டைப் புரட்டினார். "அந்தத் தோட்டத்துச் சரக்கு காலையிலேயே வந்துவிட்டதே! மரநாய் நூறு மூட்டை இறக்கியிருக்கிறார். உன்னுடையதுதான் போலி. எடுத்துக்கொண்டு போ."

ஒரு வருஷத்து உழைப்பு. அணிலுக்குக் கண் கலங்கியது. பக்கத்தில் மரநாய் மீசையை நீவிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் அழுகை நின்றுவிட்டது.

"அந்த நூறும் என் தோட்டத்தில் விளைந்தது என்றா எழுதியிருக்கிறது?"

"ஆமாம். மரநாயே கையெழுத்துப் போட்டிருக்கிறார்."

"நான் யாருக்கும் விற்கவில்லையே, ஐயா. அப்படியானால் அத்தனையும் என்னுடையதுதான். என் பெயரிலேயே ஏற்றிவிடுங்கள். சிரமப்பட்டுத் தூக்கி வந்த மரநாய் அண்ணனுக்கு ரொம்ப நன்றி."

மரநாய் துள்ளிக் குதித்தது. "உன் தோட்டமாவது, மண்ணாவது! மலைமேல் ஒரு காட்டையே வெட்டிச் சாய்த்து நான் போட்ட கோகோ அது!"

கொக்கு பேனாவைத் திறந்தார்.

"கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்."