தொண்ணூற்று நாலு மைல்

அநியாயம் நடந்தது டார்லீனுக்குத்தான். மூன்று மாதமாக, செவ்வாய்தோறும், யாரோ அவள் வீட்டு பிக்கப் வண்டியை எடுத்துப் போய் தொண்ணூற்று நாலு மைல் ஓட்டிவிட்டு, பொழுது சாய்வதற்குள் அதே கொட்டகை வாசலில் நிறுத்திவிட்டுப் போனார்கள்.

எடுப்பது சுலபம். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் அந்த மாட்டுப் பண்ணைகளில் எவரும் வண்டிச் சாவியைக் கழற்றுவதில்லை. செவ்வாயன்று டார்லீனுக்கு ஊர் நூலகத்தில் வேலை. தன் சின்னக் காரில் போய்விடுவாள். கணவன் வெண்டல் குதிரையேறி மேய்ச்சல் நிலத்தின் கோடிக்குப் போய்விடுவான்.

போவதாகச் சொன்னான்.

"யாரோ அவசரத்துக்கு எடுத்திருப்பாங்க, விடேன்."

"செவ்வாய்க்கிழமை மட்டும் வர்ற அவசரமா?"

வெண்டல் தொப்பியை மாட்டிக்கொண்டு கொட்டகைப் பக்கம் போனான். திருட்டுக் கொடுத்தவன் பதறவில்லை என்றால் சந்தேகம் யார் மேல் போகும்?

பக்கத்துப் பண்ணை மெர்ல் ஹட்டன் மேல் போகவில்லை. காளை வேலியை உடைத்த தகராறில் ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. போன குளிர்காலத்தில் டார்லீன் மனசு கேட்காமல் கோழிக்கறி சமைத்துக் கொடுத்தனுப்பினாள். மூடியைக்கூடத் திறக்காமல் திருப்பி அனுப்பினான். அவனாவது, இந்த வண்டியைத் தொடுவதாவது!

தடயங்கள் வேறு பக்கம் கை காட்டின. டிரைவருக்கு வலது பக்கத்து சீட்டில் இஞ்சி மிட்டாய்க் காகிதங்கள். சீட்டுக்கு அடியில் புதுக் கம்பளி. டிரைவர் சீட் ஸ்டியரிங்கோடு ஒட்டினாற்போல் இழுக்கப்பட்டிருந்தது. வெண்டலோ ஆறேகால் அடி. அப்படியென்றால், குட்டையாக எவளோ ஓட்டுகிறாள், இவர் பக்கத்தில் உட்கார்ந்து மிட்டாய் சாப்பிடுகிறார்!

அதைவிட மோசம், திங்கட்கிழமை சாயங்காலம் தவறாமல் டேங்கை நிரப்பி வைப்பது வெண்டல்தான்.

பழைய வண்டியின் கியர்பாக்ஸ் இன்னொரு பனிக்காலத்தைத் தாங்காது என்று மெக்கானிக் கைவிரித்தார். வெள்ளிக்கிழமை இருவரும் ஷோரூமுக்குப் போனார்கள்.

இரண்டு வண்டிகள். ஒரே விலை. கொஞ்சம் ஓடிய நீலத்தில் எல்லா வசதியும் இருந்தது; புத்தம் புது வெள்ளை, வெறும் வேலைக்கான வண்டி.

டார்லீன் நீலத்தில் ஏறி உட்கார்ந்தாள். சீட் சுட்டது. குளிர் வந்தால் மரத்துப்போகும் அவள் இடுப்புக்கு அது சொர்க்கம். இருபத்திரண்டு வருஷமாக வெண்டல் அவளுக்குக் கொடுத்துவரும் வாக்கு அந்தச் சூடான சீட்.

"பொத்தானை அமுக்கினா போதும் மேடம், ஸ்டார்ட் ஆயிடும்" என்றார் விற்பனையாளர் ரஸ்டி. "சாவி சார் பாக்கெட்லயே இருக்கலாம். உள்ள வெச்சிட்டு இறங்கினா வண்டி கத்தி ஊரைக் கூட்டிடும். எவனாவது எடுத்துட்டுப் போனா எங்க போறான்னு உங்க போன்ல தெரியும்."

டார்லீன் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டியா?"

வெண்டல் அதற்குள் வெள்ளை வண்டியின் சாவியைத் துவாரத்தில் போட்டுத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுக்கு வலது பக்கம் ஒரு படி வெச்சுத் தர முடியுமா ரஸ்டி? ஏறுறதுக்குக் கொஞ்சம் தாழ்வா."

டார்லீனுக்குச் சுரீரென்றது.

"யாருக்குப் படி?"

"பொதுவாத்தான் கேட்டேன்."

"நான் இருபத்திரண்டு வருஷமா தாவித்தானே ஏறுறேன்! இடுப்பு வலிக்குதுன்னு அழுதப்போ எனக்குப் படி கேட்டியா நீ? இப்ப எந்த மகாராணிக்கு?"

ரஸ்டி அவசர அவசரமாகத் தூரத்தில் நின்ற ஒரு வண்டியின் டயரைப் பரிசோதிக்கப் போனார்.

"டார்லீன், மெதுவா பேசு..."

"எதுக்கு மெதுவா? செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை என் சீட்ல உட்கார்ந்து மிட்டாய் திங்கறவ யாருன்னு சொல்லு. இல்ல, நான் நீலத்தை வாங்கி போன்லயே பார்த்துக்கறேன்."

வெண்டல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"ஓபல்."

"ஓபலா? மெர்ல் பொண்டாட்டி ஓபலா?"

"புத்துநோய் முத்திப்போச்சு. செவ்வாய்க்கிழமை நார்த் பிளாட் ஆஸ்பத்திரியில மருந்து ஏத்துறாங்க. போக நாப்பத்தேழு, வர நாப்பத்தேழு. அந்தக் குள்ளன் மெர்ல்தான் ஓட்டுறான். அவன் வண்டி மார்ச்சுலயே படுத்துடுச்சு."

"நீ..."

"மேட்டு மேல இருந்து பார்த்தேன். முதல் தடவை துப்பாக்கியை எடுத்துட்டுத்தான் இறங்கினேன். அவளை ரெண்டு கையிலயும் தூக்கி சீட்ல வெச்சுக்கிட்டிருந்தான். அப்படியே திரும்பிட்டேன். எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியாது."

டார்லீனுக்குக் கோபம் முழுசாக இறங்கவில்லை.

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா நாம மாட்டேன்னா சொல்லியிருப்போம்? திருடுவானாம், கேக்க மாட்டானாம்!"

"அதேதான் நானும் சொல்றேன்" என்றான் வெண்டல். "நீலத்தை வாங்கினா சாவி என் பாக்கெட்டுக்கு வந்துடும். அப்புறம் அவன் கேட்டே ஆகணும். கேக்க மாட்டான், டார்லீன். அவளை வீட்லயே வெச்சிருப்பான்."

ரஸ்டி தயங்கித் தயங்கித் திரும்பி வந்தார். "மேடம்... நீலம்தானே?"

டார்லீன் சூடான சீட்டிலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"வெள்ளை. வலது பக்கம் அந்தப் படியை வெச்சு, திங்கட்கிழமைக்குள்ள குடுத்துடணும்."